நடுவழியில் விதி மாறினால்

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா மண்டலம். வீட்டில் தமிழும் எம்.ஆர்.ஓ. (மண்டல வருவாய் அலுவலர்) ஆபீஸில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் சான்றிதழ் எல்லையைப் பார்க்கும். ஒரே சமூகம் ஆந்திரப் பட்டியலில் ஒரு பெயரிலும் தமிழ்நாட்டுப் பட்டியலில் இன்னொரு பெயரிலும் இருக்கலாம். தாத்தாவின் பள்ளிச் சான்று காட்பாடியில் கிடக்க, பேத்தியின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் குடிபாலாவில் நிற்கலாம். இப்படிப்பட்ட விண்ணப்பத்தைக் கையாள மென்பொருள் எழுதுபவர் எந்தக் கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என்று எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்குச் சித்தூர் பொருத்தமான இடம். ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் மீசேவா திட்டம் 2011 நவம்பரில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். வருவாய்த்துறை, பதிவுத்துறை ஆவணங்களை டிஜிட்டல் கையொப்பத்துடன் கவுன்டரில் கொடுப்பது அதன் நோக்கம். சேவைகளை அது இரண்டாகப் பிரித்தது. ஏற்கெனவே கணினியில் உள்ள அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) போன்ற ஆவணத்தை அச்சிட்டுத் தருவது ‘ஏ’ வகை. 15 நிமிடத்தில் முடிய வேண்டும். யாராவது விசாரித்து, யாராவது ஒப்புதல் கொடுத்த பிறகே தர முடிவது ‘பி’ வகை. முதல் வகைக்குத் தரவுத்தளமும் பிரிண்டரும் போதும். இரண்டாம் வகைக்கு வேண்டியது பணிப்பாய்வு. கணினிக்காரர்கள் இதை ஒர்க்ஃப்ளோ என்பார்கள்.

நேர்வழியை எழுதுவது சுலபம். விண்ணப்பம் பதிவாகும், வி.ஆர்.ஓ. (கிராம வருவாய் அலுவலர்) விசாரிப்பார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பரிந்துரைப்பார், தாசில்தார் கையொப்பமிடுவார். எந்தக் கருவியிலும் இதை ஒரு மத்தியானத்தில் கட்டிவிடலாம். செயல்விளக்கக் கூட்டங்களில் காட்டப்படுவதும் இதுதான். நேர்வழியை வைத்து ஒரு கருவியை மதிப்பிடுவதில் பொருளில்லை, எல்லாமே அதில் தேறிவிடும். கோப்பு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் காத்திருக்கும்போதும், பாதி வழியில் விதி மாறும்போதும், எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு இன்னொருவர் அதைப் படிக்க உட்காரும்போதும்தான் கருவிகளுக்கிடையே வேறுபாடு தெரிகிறது. அந்த மூன்று இடங்களில் வைத்துத்தான் இவற்றைப் பார்க்கப்போகிறேன். இரண்டாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலில், கருவி எதுவும் இல்லாத வழி. தரவுத்தள அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு பத்தி. அதில் ‘பெறப்பட்டது’, ‘விசாரணையில்’, ‘ஒப்புதல்’ என்று மாற்றிக்கொண்டே போவது. இரவில் ஒருமுறை ஓடி, தாமதமானவற்றைப் பொறுக்கியெடுக்கும் சிறு நிரல் ஒன்று. நம் நாட்டு அலுவலக மென்பொருள்களில் பெரும்பகுதி இப்படித்தான் ஓடுகிறது. இதை இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதே முறையை ஒழுங்குபடுத்தி எழுதினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நந்தன் நிலேகணியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் 2003இல் பெங்களூரில் தொடங்கிய இகவ் அறக்கட்டளை சாட்சி. அதன் திறந்த மூலத் தளமான டிஜிட்டில் ஒரு சேவையின் பணிப்பாய்வு என்பது ஓர் உள்ளமைவுக் கோப்பு. ஒவ்வொரு நிலைக்கும் எந்தெந்தச் செயல் சாத்தியம், எந்தப் பொறுப்பில் இருப்பவர் அதைச் செய்யலாம், எவ்வளவு நேரத்துக்குள் என்று அதில் இருக்கும். நிரல் தெரியாதவர்கூட ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்ளக்கூடிய எளிமை அது.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. டிஜிட்டில் காலக்கெடு மில்லிசெகண்டில் எழுதப்படுகிறது. 21 நாள் என்பது 181 கோடியே 44 லட்சம் மில்லிசெகண்ட். அந்த எண்ணுக்குள் சங்கராந்தி விடுமுறை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. சட்டம் ‘வேலை நாள்’ என்று சொல்லும் இடத்தில் எண் பொய்யாகிவிடுகிறது. பக்கத்துத் தெலங்கானாவின் 2020ஆம் ஆண்டுக் கட்டட அனுமதிச் சட்டம், ஒற்றைச் சாளரத்தில் வரும் பெரிய கட்டடங்களுக்கு 21 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருத வேண்டும் என்கிறது. அங்கே கடிகாரமே சட்டம். தாமதமான கோப்பைச் சிவப்பு நிறத்தில் காட்டுவதோடு நின்றுவிடும் கருவியையும், கெடு முடிந்த நொடியில் அடுத்த அடியைத் தானே எடுத்து வைக்கும் கருவியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இன்னொரு குறை ஆழமானது. ‘நிலை’ என்ற பத்தியில் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் இருக்க முடியும். குடிபாலா விண்ணப்பமோ ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது. வி.ஆர்.ஓ. ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறார், அதே நாட்களில் காட்பாடிக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டும் வந்து சேர்ந்த பிறகே ஆர்.ஐ. மேசைக்குப் போக வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் காத்திருக்க வேண்டும். கார்ல் ஆடம் பெத்ரி என்ற ஜெர்மானியர் 1962இல் தம் முனைவர் பட்ட ஆய்வில், ஒரே நேரத்தில் பல இடங்களில் நிற்கக்கூடிய இத்தகைய அமைப்புகளுக்குக் கணித வடிவம் கொடுத்தார். வில் வான் டெர் ஆல்ஸ்ட்டும் தோழர்களும் 2003இல் பணிப்பாய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் 20 வகை அமைப்புகளைத் தொகுத்தபோது, கிளை பிரிவதும் கூடுவதும் அவற்றின் முதல் வரிசையில் இருந்தன. ‘நிலை’ப் பத்தியில் இதைச் செய்ய முயல்பவர் ‘விசாரணை முடிந்தது, கடிதம் வரவில்லை’, ‘கடிதம் வந்தது, விசாரணை முடியவில்லை’ என்று நிலைகளைப் பெருக்கத் தொடங்குவார். மூன்றாவதாக ஒரு கிளை சேர்ந்ததும் அது கைமீறிப் போகும்.

அடுத்தது, நிரல் அதிகம் எழுதாமல் திரையில் இழுத்துப் போட்டுக் கட்டும் தளங்கள். இதில் தமிழ்நாட்டுக்கு உலக அளவில் இடம் உண்டு. சென்னையில் வளர்ந்த ஜோஹோ 2006லேயே கிரியேட்டர் என்ற தளத்தைக் கொண்டுவந்து, அதற்கென்று டெலூஜ் என்ற எளிய ஸ்கிரிப்ட் மொழியையும் கொடுத்தது. சுரேஷ் சம்பந்தத்தின் நிறுவனம் 2012இல் கிஸ்ஃப்ளோவை வெளியிட்டது. ஜோஹோவுக்குத் திருப்பதிக்குப் பக்கத்தில் ரேணிகுண்டாவிலும் அலுவலகம் இருக்கிறது. பெருநகரத்துக்குப் போகாமலே இப்பகுதிப் பிள்ளைகள் இத்துறையில் வேலை செய்ய முடிகிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தத் தளங்களின் பலம் வேகம் என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பில் வேகத்தைவிடப் பெரிய பலம் ஒன்று உண்டு: வேலையை அறிந்தவரே அதைக் கட்டலாம். இருபது வருடமாக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் சூப்பரின்டென்டென்ட்டுக்கு எந்தக் கோப்பு ஏன் திரும்பி வரும் என்பது அத்துப்படி. அவர் அதை அனலிஸ்டுக்குச் சொல்லி, அனலிஸ்ட் நிரலாளருக்குச் சொல்லி, நிரலாளர் எழுதும்போது பாதி காணாமல் போகிறது. அந்த இழப்பை இந்தத் தளங்கள் தடுக்கின்றன. வேறு எந்த வகைக் கருவியும் இதில் இவற்றுக்கு ஈடில்லை.

ஆனால் விதி நடுவழியில் மாறும்போது என்ன ஆகிறது? இங்கேதான் நான் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. சித்தூர் மாவட்டம் இதற்கு இரண்டு உண்மையான சோதனைகளைச் சந்தித்திருக்கிறது.

2019 அக்டோபர் 2 அன்று ஆந்திர அரசு கிராமச் சச்சிவாலய (கிராமச் செயலக) முறையைத் தொடங்கியது. அதுவரை மீசேவா கவுன்டரில் தொடங்கிய விண்ணப்பம் இனி ஊர்ச் சச்சிவாலயத்திலும் தொடங்கலாம் என்றானது. டிஜிட்டல் அசிஸ்டென்ட் என்ற புதிய பொறுப்பு வழியில் வந்து சேர்ந்தது. பணிப்பாய்வின் வடிவமே மாறியது.

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தது. குடிபாலா சித்தூரிலேயே தங்கியது. ரேணிகுண்டாவும் காளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. நெல்லூரிலிருந்து கூடூரும் சூளூர்பேட்டையும் அதில் வந்து சேர்ந்தன. மதனப்பள்ளி, அப்போது ராயச்சோட்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. முந்தின நாள் மேல்முறையீட்டுக்காகச் சித்தூரில் இருந்த ரேணிகுண்டாக் கோப்பு மறுநாள் திருப்பதிக்கு உரியது. ஆனால் பணிப்பாய்வின் வடிவம் ஒரு கோடுகூட மாறவில்லை. யார் யாருக்கு மேல் என்ற முகவரி மட்டுமே மாறியது.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். ஆந்திரத்தில் சாதிச் சான்றிதழ் வழங்குவதை 1993ஆம் ஆண்டின் 16ஆம் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எந்தச் சமூகம் எந்தப் பிரிவில் என்பதோ அரசாணையால் அவ்வப்போது மாறும். அப்போது வடிவமும் மாறுவதில்லை, முகவரியும் மாறுவதில்லை, தீர்மான விதி மட்டும் மாறுகிறது.

வடிவம், முகவரி, விதி ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ள உதவும் கருவி நல்ல கருவி. ஒன்றோடொன்று குழைத்துவிடத் தூண்டும் கருவி, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆபத்தானது. என் முழு வாதமும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

திரையில் இழுத்துப் போடும் தளங்கள் குழைத்துவிடத் தூண்டுகின்றன. ‘யாருக்கு அனுப்ப வேண்டும்’ என்ற கட்டத்தில் ஒருவருடைய மின்னஞ்சலைத் தேர்ந்தெடுப்பதுதான் கைக்குச் சுலபமாக வருவது. பொறுப்பைத் தனி அட்டவணையில் வைத்து அங்கிருந்து எடுப்பதற்குத் திட்டமிட்ட முயற்சி வேண்டும். தளத்தில் அந்த வசதி இருந்தும் அவசரத்தில் யாரும் தேடுவதில்லை. மாவட்டம் பிரிந்த மறுநாள் அப்படிப்பட்ட ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மாற்ற வேண்டும். டெலூஜ் போன்ற ஸ்கிரிப்டில் விதியை எழுதியிருந்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஸ்கிரிப்டை மாற்றிய கணத்திலிருந்து அதைத் தொடும் எல்லாப் பதிவுக்கும் புதிய விதியே பொருந்தும். நேற்று பழைய விதிப்படி விண்ணப்பித்தவருக்கு எந்த விதி என்ற கேள்வியைத் தளம் கேட்பதே இல்லை. சட்டத்துக்கு அந்தக் கேள்வி மிக முக்கியம்.

பிபிஎம்என் எஞ்சின்கள் இந்த இடத்தில் வேறு தரத்தில் நிற்கின்றன. பிபிஎம்என் என்பது பணிப்பாய்வை வரைய உலகம் ஒப்புக்கொண்ட குறியீட்டு முறை. அதன் இரண்டாம் பதிப்பை ஓஎம்ஜி அமைப்பு 2011 ஜனவரியில் வெளியிட்டது; 2013இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. வரைந்த படத்தையே ஓட்டிக் காட்டும் எஞ்சின்களில் அக்டிவிட்டி 2010இல் வந்தது. அதிலிருந்து 2013இல் கமுண்டாவும் 2016இல் ஃப்ளோவபிளும் பிரிந்தன. இவற்றில் புதிய படத்தை ஏற்றினால் அது இரண்டாம் பதிப்பாகப் பதிவாகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகள் முதல் பதிப்பிலேயே தொடரும். அவற்றைப் புதியதற்கு மாற்ற விரும்பினால், பழைய படத்தின் எந்தப் பெட்டி புதிய படத்தின் எந்தப் பெட்டிக்குச் சமம் என்று நிரலாளர் வெளிப்படையாக எழுதித் தர வேண்டும். 2019இல் நடந்ததைப் போன்ற மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. நடுவழியில் இருப்பவருக்கு எந்த விதி என்று ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவு எழுத்தில் பதிவாகிறது.

தீர்மான விதிகளுக்கென்று டிஎம்என் என்ற தனித் தரம் 2015இல் வந்தது. எந்தச் சமூகம், எந்தப் பட்டியல், யார் கையொப்பம் என்பதை ஓர் அட்டவணையாக எழுதிவைக்கலாம். அரசாணை வந்தால் ஒரு வரியைத் திருத்தினால் போதும், படத்தைத் தொட வேண்டாம். கிளைகள் பிரிந்து கூடுவது இங்கே பிறவிக் குணம், ஏனென்றால் பெத்ரியின் சிந்தனையிலிருந்து வந்த மரபு இது. பெட்டியின் விளிம்பில் ஒரு கடிகாரக் குறியைப் போட்டால் கெடு முடிந்ததும் எஞ்சின் தானாகவே வேறு பாதையில் போகும். வேலை நாள் கணக்கை மட்டும் இங்கேயும் நாமே எழுதித்தான் ஆக வேண்டும்.

நிரலையே பணிப்பாய்வாகக் கொள்ளும் நான்காம் வகைக்கு டெம்போரல் நல்ல எடுத்துக்காட்டு. மேக்சிம் ஃபதேயெவும் சமர் அப்பாஸும் உபர் நிறுவனத்தில் கட்டிய கேடன்ஸிலிருந்து 2019இல் பிறந்தது. நிரலில் ‘21 நாள் தூங்கு’ என்று ஒரு வரி எழுதலாம். நடுவில் சர்வர் எத்தனை முறை விழுந்து எழுந்தாலும் 21ஆம் நாள் அடுத்த வரி ஓடும். நடந்த ஒவ்வொன்றையும் வரலாறாகப் பதிந்து, தேவைப்படும்போது நிரலை அந்த வரலாற்றின்மேல் மறுபடி ஓட்டி, விட்ட இடத்துக்கு வந்து சேர்வது அதன் உத்தி. காத்திருப்பு என்ற சோதனையில் இதற்கே முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

அந்த உத்தியேதான் மாற்றத்தில் இடறுகிறது. வரலாறும் நிரலும் பொருந்த வேண்டும். நடுவில் ஒரு படியைச் செருகினால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோப்புகளுக்கு அது பொருந்தாமல் பிழையாகும். தவிர்க்க, ‘இந்தக் கோப்பு மாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா’ என்ற கிளையை நிரலுக்குள்ளேயே எழுதிப் பாதுகாக்க வேண்டும், அல்லது பழைய நிரலையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். நேர்மையான முறைதான். ஆனால் பல ஆண்டு அரசாணைகள் அந்த நிரலில் படிந்தபின் அதைப் படிக்கத் தேர்ந்த நிரலாளர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மண்டல அலுவலகத்துக்கு அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார்.

படிக்க முடிவது பற்றி பிபிஎம்என் ஆதரவாளர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அந்தத் தரத்தின் ஆவணம் 500 பக்கங்களுக்கு மேல். குறிகள் எண்ணற்றவை. மைக்கேல் சூர் மியூலனும் யான் ரெக்கரும் 2008இல் நடைமுறையில் வரையப்பட்ட படங்களை ஆராய்ந்து, சராசரியாக ஒரு படத்தில் 9 வகைக் குறிகளே பயன்படுவதாகக் கண்டார்கள். மீதியெல்லாம் கருவி விற்பவருக்கும் பயிற்சியாளருக்கும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, படத்தில் ‘தகுதி சரிபார்ப்பு’ என்று ஒரு பெட்டி தெளிவாக நிற்க, அதன் பின்னால் நூற்றுக்கணக்கான வரி ஜாவா நிரல் ஒளிந்திருப்பது. அப்படிச் செய்தால் படம் ஏமாற்றாகிவிடும். ஆனாலும் ஒழுங்காக வரைந்தால் பெட்டிகளின் பெயர்களைத் தெலுங்கிலோ தமிழிலோ எழுதலாம். எஞ்சினுக்கு எந்த எழுத்தானாலும் ஒன்றே. தாசில்தார் அதைப் பார்த்து ‘இங்கே கோப்பு எனக்குத் திரும்பி வர வேண்டுமே’ என்று விரல் வைத்துச் சொல்லலாம். டெம்போரல் நிரலில் அது நடக்காது.

உரிமம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கமுண்டாவின் எட்டாம் தலைமுறையை நிஜப் பயன்பாட்டில் ஓட்ட 2024 அக்டோபரில் வந்த 8.6 பதிப்பிலிருந்து கட்டண உரிமம் வேண்டும். இலவசமாக இருந்த ஏழாம் தலைமுறையின் கடைசிச் சமூகப் பதிப்பு 2025 அக்டோபரோடு முடிந்தது. அதிலிருந்து கிளைத்த ஆப்பரேட்டனும், முன்பே பார்த்த ஃப்ளோவபிளும் அப்பாச்சி உரிமத்தில் திறந்தே இருக்கின்றன. திரையில் இழுத்துப் போடும் தளங்களிலோ மாதச் சந்தா ஆள் கணக்கில் ஏறும். வெளியேற நினைத்தால் தரவை எடுத்துக்கொண்டு போகலாம், கட்டிய பணிப்பாய்வை எடுத்துப்போய் வேறு இடத்தில் ஓட்ட முடியாது.

இவ்வளவு சொன்னபின் சித்தூரின் இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் என் எடைபோடல் ஒருபக்கமாகிவிடும். மாம்பழக் கூழ். பெங்களூரா மாங்காய் வரத்து சில வாரங்களே. 2025 ஜூனில் விலை சரிந்தபோது கிலோவுக்கு 12 ரூபாய் என்று தீர்மானித்து, அதில் 8 ரூபாய் ஆலை தர வேண்டும், 4 ரூபாய் அரசு தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. லாரிகள் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது விதி வருகிறது. ஆலைக்காரருக்கு வேண்டியது டோக்கன், எடைமேடைச் சீட்டு, தரம், பணம் என்ற நான்கு படிகள், இரண்டே நாளில். அவருக்கு நான் பிபிஎம்என் எஞ்சினைப் பரிந்துரைத்தால் அது அவருக்குச் செய்யும் தீங்கு. கிரியேட்டர் போன்ற தளம் அவருக்குச் சரி. சின்ன ஆலையென்றால் ‘நிலை’ப் பத்தியே சரி.

அதே சீட்டில் உள்ள அரசின் 4 ரூபாய்க்குக் கணக்கு வேறு. யாருடைய தோட்டத்துக் காய், எத்தனை கிலோ, யார் சரிபார்த்தார், எந்த வங்கிக் கணக்கில் போனது என்று பின்னால் தணிக்கை கேட்கும். பணம் செலுத்தும்போது வங்கியின் பதில் தாமதமானால் மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்ற சிக்கல் வரும். டெம்போரல் விடாமல் திரும்ப முயலும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் தனி எண் கொடுத்து, இரட்டிப்பாகாமல் தடுக்கும் பொறுப்பு நிரலாளருடையது. இயந்திரமும் இயந்திரமும் பேசும் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு அதைவிட நம்பகமான கருவி இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. மனிதர் முடிவெடுக்கும், சட்டம் கட்டுப்படுத்தும், வாரக்கணக்கில் ஓடும் அரசு வேலைக்கு ஃப்ளோவபிள், ஆப்பரேட்டன் போன்ற திறந்த பிபிஎம்என் எஞ்சினே முதலிடம் பெறுகிறது. அதிலும் ஒன்பது பத்துக் குறிகளுக்கு மேல் போகாமல், விதியை அட்டவணையிலும் முகவரியைத் தரவிலும் வைத்தால் மட்டும். கிளை பிரியாத எளிய சேவைக்கு டிஜிட் முறை போதும், அதற்கு மேல் கட்டுவது வீண் செலவு. திரையில் இழுத்துப் போடும் தளங்கள் தனியார் சிறு தொழிலுக்கு முதல் தேர்வு. குடிமகனின் உரிமை தொங்கும் இடத்தில் அவற்றை நான் ஏற்கமாட்டேன். டெம்போரலைப் பணப் பரிமாற்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; மனித ஒப்புதல்களின் முழு வழியையும் அதற்குள் எழுதக் கூடாது.

பிபிஎம்என் பக்கம் சாய்வதற்கு எனக்குக் கருவிக்கு வெளியே ஒரு காரணமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(ஆ), ஒவ்வொரு பொது அலுவலகமும் முடிவெடுக்கும் நடைமுறையையும், அதில் மேற்பார்வையும் பொறுப்பும் எந்த வழியில் செல்கின்றன என்பதையும் யாரும் கேட்காமலே தானாக வெளியிட வேண்டும் என்கிறது. இன்று அந்த நடைமுறை மென்பொருளுக்குள் இருக்கிறது. அதை ஒரு பக்கப் படமாக, தெலுங்கிலும், குடிபாலா போன்ற எல்லை மண்டலங்களில் தமிழிலும், தாசில்தார் அலுவலகச் சுவரில் ஒட்டச் சட்டம் இடம் தருகிறது. அடுத்த டெண்டர் விடும் அதிகாரிகள் அந்தப் படத்தையும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்க விரும்பாதவர்கள் அதே சட்டத்தின் கீழ் மனுப்போட்டு இன்றே கேட்கலாம்.